போர்டு பதில் சொல்லலன்னா என்ன ஆகும்?

ஆமாக்கா, குழுவுல முள்ங்கற பேர்ல எழுதறது நான்தான். ஏன் அப்படிப் பாக்கறீங்க? தாடி வெச்ச ஆளா இருப்பேன்னு நெனச்சீங்களா? எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. நம்ம கம்பைலர் குழுவுல ஒரு பெரியவர் இருக்காரே, அவர் இன்னிக்கும் மிஸ்டர் முள்னுதான் எழுதறாரு. நானும் திருத்தல. பதினேழு வயசுப் பொண்ணுன்னு தெரிஞ்சா என் புரோகிராம் கோடை வரிக்கு வரி தடவிப் பாப்பாரு. மிஸ்டர்னா சும்மாவே நம்பிடறாரு. நம்பட்டுமேன்னு விட்டுட்டேன்.

பாத்து ஏறுங்க, நாலாவது படி உடைஞ்சிருக்கு. அப்புறம், கொஞ்சம் மெதுவா பேசுங்க. கீழ அம்மா படுத்திருக்காங்க. தூங்கல, சும்மா படுத்திருக்காங்க.

இதான் ரூம். அந்த நாற்காலி வேண்டாம்க்கா, அதுக்குக் கால் ஆடும். கட்டில்ல உக்காருங்க. துணியைத் தள்ளிட்டு உக்காருங்க, எல்லாம் துவைச்சதுதான்.

ஆமை, அதான் என் அண்ணன், வீட்ல இல்ல. தெரியும், அவனைப் பாக்கத்தான் இவ்ளோ தூரம் வந்தீங்க. எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது, அதனால நேராவே கேக்கறேன். அவன் கேட்டு மூடாம வெச்சிருக்கற அந்த ஒரு கேள்வியை மூடச் சொல்லத்தானே வந்தீங்க? மூணு தடவை அவனுக்கு எழுதினீங்க. மூணு தடவையும் பாக்கறேன், பாக்கறேன்னு பதில் வந்துச்சு. மூடல. சரி, வேற வேலையா இந்த ஊருக்கு வர்றோம், நேர்லயே பிடிச்சுடலாம்னு வந்துட்டீங்க. நீங்க செஞ்சதுல தப்பே இல்ல. நானா இருந்தா முதல் தடவையே சண்டை போட்டிருப்பேன்.

உங்களுக்கு இந்த வீட்ல ஒரு பேரு உண்டு, தெரியுமா? வேண்டாம், கோச்சுக்குவீங்க. சரி, சட்டப்புத்தகம். நீங்க எது எழுதினாலும் விதி ஏழு, விதி பத்துன்னுதானே ஆரம்பிப்பீங்க. உங்க மெயில் வந்தா அண்ணன் இங்கேருந்து கத்துவான், ஏய், சட்டப்புத்தகம் வந்துடுச்சு, ஒழுங்கா எழுந்து உக்காருன்னு. சிரிக்கறீங்க. நல்லவேளை.

இருங்க, முதல்ல இதைப் பாத்துடுங்க. நூத்திநாலு நாளா தினமும் நீங்க பாக்கற பச்சை டிக் எங்கேருந்து வருதுன்னு பாக்க வேண்டாமா? இதோ. இவ்ளோதான். உள்ளங்கை அளவு போர்டு, நடுவுல சுண்டு விரல் நகம் மாதிரி ஒரு சிப். செருப்பு வந்த அட்டைப்பெட்டி மூடிதான் அதுக்கு வீடு. கம்பைலர்ல யாரு எந்த மாத்தம் பண்ணாலும் மறுநாள் காலைல அது இங்க வந்து இறங்கும். இந்தக் கம்ப்யூட்டர் அதை வெச்சு சோதனை நிரல் எல்லாத்தையும் மாத்தி சிப்ல ஏத்தும். சிப் ஓடி முடிச்சு விடை சொல்லும். சரியா இருந்தா பச்சை, தப்புன்னா சிவப்பு. அது குழுவோட வெப்சைட்ல வந்து நிக்கும். அந்தச் சின்ன விளக்கு மினுக்கறது பாருங்க, அது ஓடிட்டு இருக்குன்னு அர்த்தம்.

அம்மா ஒரு நாள் கேட்டாங்க, ரெண்டு பேரும் சம்பளமில்லாம மாடியில என்னதான் பண்றீங்கன்னு. அண்ணன் சொன்னான், இந்தச் சிப்புக்கு நம்ம பாஷை புரியாதும்மா, நாம எழுதறதை அதுக்குப் புரியற மாதிரி மாத்திக் கொடுக்கற சாமான் பேரு கம்பைலர், ஊர்ல இருக்கற பெரிய சிப்புக்கெல்லாம் அது மாத்தும், இந்த ஏழைச் சிப்புக்கு மட்டும் மாத்தத் தெரியாது, நாங்கதான் அதுக்குச் சொல்லிக் கொடுக்கறோம்னு. அம்மா ஒரே நிமிஷம் யோசிச்சாங்க. அப்ப வாத்தியார் வேலையா, நீயே கணக்குல ரெண்டு தடவை கோட்டை விட்டவனாச்சேடான்னாங்க. அதுக்கு அப்புறம் அவன் யாருக்கும் விளக்கம் சொல்றதில்ல.

சித்தி இன்னும் மோசம். காசும் வராது, பேரும் வராது, அப்புறம் எதுக்குடி இவ்ளோ கோவமா டைப் அடிக்கறேன்னு கேப்பாங்க. அது நல்ல கேள்விதான். எனக்கு இன்னும் பதில் தெரியல.

ஆனா அண்ணனுக்கு எதுக்குன்னா, தராசு. எங்களுக்குத் தராசு ரிப்பேர் கடையில வேலை. காய்கறிக் கடை, நகைக் கடை, மரக் கடை, லாரியையே நிறுத்து எடை பாக்கற எடைமேடை, எல்லாம் எங்ககிட்ட வரும். பாதித் தராசுக்குள்ள இந்தச் சிப்தான் இருக்கும். விலை கம்மி, சாகவே சாகாது. ஆனா தராசு செஞ்ச கம்பெனி கடையைச் சாத்திட்டுப் போயிடுச்சு. உள்ள இருக்கற நிரல்ல ஒரு தப்பு, வெயில் ஏறினா எடை கூடக் காட்டும். சிப் நல்லா இருக்கு, தராசு நல்லா இருக்கு, நிரலைத் திருத்த வழியில்ல. ஓனர் தூக்கிப் போடச் சொல்லுவாரு. அண்ணன் தூக்கிப் போட மாட்டான். அவனுக்கு ஆமைன்னு பேரு ஏன் வந்துச்சுன்னு நெனைக்கறீங்க? ஒரு தராசைப் பிரிச்சா நாலு நாள் மூட மாட்டான். ஓனர் வெச்ச பேருதான் அது. அவன் அதையே எடுத்து உங்க குழுவுல பேரா வெச்சுக்கிட்டான். வெக்கமே கிடையாது.

நான் போன வருஷம் ஸ்கூலை விட்டு நின்னேன். கம்ப்யூட்டர் டீச்சர் என் பேப்பர்ல சுழி போட்டாங்க. விடை சரி, ஆனா புத்தகத்துல இருக்கற மாதிரி இல்லையாம். ஓட்டிப் பாருங்க மிஸ், ஓடுதான்னு சொன்னேன். ஓட்ட மாட்டாங்களாம். அப்ப நான் வரலன்னு பையை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். வீட்ல எல்லாரும் திட்டினாங்க. அண்ணன் மட்டும் திட்டல. அந்தப் பேப்பரைக் காட்டுன்னான். படிச்சுட்டு, விடை சரிதான், ஆனா நாலாவது வரி எதுக்குன்னு எழுதலையேன்னான். அதான் அவன். வீடே எரிஞ்சாலும் நாலாவது வரி எதுக்குன்னு கேப்பான்.

வர்றேன்க்கா, அங்கதான் வர்றேன். டீ குடிங்க.

இந்தச் சிப் மூணாம் படியில இருக்கு. விதி உங்களுக்கே தெரியும், இருந்தாலும் நான் ஒழுங்கா புரிஞ்சுக்கிட்டேனான்னு பாருங்க. மூணாம் படின்னா, கோடு உள்ள கிடக்கும், வேலை செஞ்சா செய்யும், யாரும் பொறுப்பில்ல. வேணும்னா ஒவ்வொருத்தரும் அவங்கவங்க மெஷின்ல கம்பைலரை முழுசா கட்டிக்கணும். கடையில இருக்கற கம்ப்யூட்டர்ல அது ஒரு நாள் முழுக்க ஓடும், பாதியில நின்னும் போகும். ரெண்டாம் படிக்கு ஏறிட்டா நீங்களே கட்டி வெச்சுக் கொடுப்பீங்க. எந்தத் தராசு மெக்கானிக்கும் இறக்கிக்கிட்டு அன்னிக்கே வேலையை ஆரம்பிக்கலாம். அவ்ளோதான் அண்ணனுக்கு வேணும். அதைத் தவிர எதுவும் கேக்கல.

ஏறணும்னா மூணு விஷயம். பொறுப்புக்கு ரெண்டு பேர், ஒருத்தர் கோடை இன்னொருத்தர் பாக்கணும். நிஜ சிப்ல நூறு நாள் விடாம சோதனை ஓடணும். அப்புறம், கேட்ட கேள்வி எதுவும் பாக்கி இருக்கக் கூடாது. நாளைக்குக் குழுவுல ஓட்டு. ஏறலன்னா இந்தத் தடவை மூணாம் படியையே காலி பண்றீங்க, தூக்கிப் போட்டுடுவீங்க. சரியா? சரி.

இப்போ அந்தக் கேள்வி.

பச்சை டிக் அனுப்பற ஸ்கிரிப்ட் நான் எழுதினது. ஒரே நாள்ல எழுதினேன், எழுதின அன்னிக்கே ஓட விட்டுட்டேன். ஆமை படிச்சுப் பாத்து ரிவ்யூ சொல்றதுக்கு முன்னாடியே. நூறு நாள் எண்ணிக்கை சீக்கிரம் ஆரம்பிக்கட்டும்னு அவசரம். ஆமை ரெண்டு நாள் படிச்சான். எண்பது வரிக்கு ரெண்டு நாள்! மூணாம் நாள் காலைல பல்லு விளக்கிக்கிட்டே வந்து உக்காந்து ஒரே ஒரு கேள்வி போட்டான். போர்டு பதில் சொல்லலன்னா என்ன ஆகும்?

அதான் நீங்க மூடச் சொல்ற கேள்வி.

நான் இங்க, இதே கட்டில்ல உக்காந்திருந்தேன். வாயால கேட்டா போதாதா, எழுதிதான் கேக்கணுமான்னு கத்தினேன். எழுதிக் கேட்டா எழுதிப் பதில் சொல்லு, விதி பத்துன்னான். போர்டு எங்கடா போகப் போகுது, இந்த அட்டைப்பெட்டியை விட்டு, கால் முளைச்சு ஓடிப் போயிடுமான்னு கேட்டேன். ஓடாது, ஆனா பேசாம இருக்கலாம்லன்னான். எனக்குக் கோவம். ஏன்னா எனக்குத் தெரியல. அந்த இடத்தை நான் யோசிக்கவே இல்ல. தெரியாதுன்னு சொல்றதுக்கு உடம்பு கூசுச்சு.

அன்னிக்கு ஊருக்கு வெளிய ஒரு மரக் கிடங்குல எடைமேடை வேலை. எடைமேடைன்னா ரெண்டு பேரும் போவோம். ஒருத்தர் கீழ குழியில இறங்கணும், ஒருத்தர் மேல நின்னு அளவு படிக்கணும். நீயே போ, நான் உன் அருமைக் கேள்விக்குப் பதில் எழுதறேன்னு சொல்லிட்டு நான் போகல. அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கிட்டு, பொறுமையா எழுது, நான் வந்து மூடறேன்னான். கேட்டவங்கதான் மூடணும்ங்கறது உங்க விதிதானே. எழுதினவங்க தானா மூடிக்கக் கூடாது.

நான் எழுதவும் இல்ல. சாப்பிட்டுத் தூங்கிட்டேன். உண்மையைத்தானே சொல்லணும்.

இப்போ நான் சொல்றதைக் கேட்டா உங்களுக்குக் கோவம் வரும். வரட்டும். அந்த நூத்திநாலு பச்சையில ஒம்பது பச்சை பொய். நாலாம் நாள்லேருந்து பன்னெண்டாம் நாள் வரைக்கும். அந்த ஒம்பது நாளும் போர்டுல கரண்டே இல்ல. பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருந்துச்சு.

எப்படிப் பச்சை வந்துச்சுன்னா, அதுதான் அவன் கேட்ட கேள்வி. ஸ்கிரிப்ட் போர்டுகிட்ட விடை கேக்கும். வந்தா ஒரு ஃபைல்ல எழுதும். அப்புறம் அந்த ஃபைலைப் படிச்சு உங்களுக்கு அனுப்பும். போர்டு பேசலன்னா ஃபைல்ல புதுசா எதுவும் ஏறாது. ஆனா முந்தின நாள் விடை அங்கயே கிடக்குமே. அதைப் படிச்சு மறுபடி அனுப்பும். தேதி மட்டும் புதுசு. பச்சை, பச்சை, பச்சை. கம்ப்யூட்டருக்கு வயர் வேற சுவிட்ச்ல இருக்கு, அதனால அது ஜம்முனு ஓடிட்டு இருந்துச்சு. உங்கள்ல ஒருத்தருக்குக் கூடச் சந்தேகம் வரல. நானும் குழு வெப்சைட்ல பச்சையைப் பாத்துட்டு, சரி, அது பாட்டுக்கு ஓடுதுன்னு நெனச்சுக்கிட்டேன். பதிமூணாம் நாள்தான் மாடிக்கு வந்தேன். விளக்கு மினுக்கல. வயரைத் தொட்டுக்கிட்டே போனேன், பிளக் தரையில கிடந்துச்சு.

வேணும்னு இல்லக்கா. சத்தியமா வேணும்னு இல்ல. மாமா பிடுங்கினது. கீழ நிறைய பேர் வந்திருந்தாங்க, வாசல்ல விளக்கு போடணும்னு இங்கேருந்து வயர் இழுத்தாரு. அவருக்கு என்ன தெரியும், ஏதோ பொம்மை மினுக்குதுன்னு நெனச்சிருப்பாரு.

இல்ல, கல்யாணமெல்லாம் இல்ல.

பாருங்க, பதிமூணாம் நாள்லேருந்து எல்லாம் நிஜம். தொண்ணூத்திரெண்டு நாள். இன்னும் எட்டு நாள் கிடைச்சா நிஜமாவே நூறு. பிளக்கைச் சொருகின அன்னிக்கே ஸ்கிரிப்ட்டைத் திருத்திட்டேன். இப்போ போர்டு பேசலன்னா சிவப்பு போகும். நேத்து நானே வயரைப் பிடுங்கிப் பாத்தேன், போச்சு. அதை உங்க கணக்குல பாக்கலாம், நேத்து காலைல பத்து நிமிஷம் சிவப்பு இருக்கும், அப்புறம் சொருகி ஓட்டினதும் பச்சை. ஆனா அந்த ஒம்பதை நான் உங்ககிட்ட சொல்லல. சொன்னா எண்ணிக்கை மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கணும், அதுக்குள்ள ஓட்டு முடிஞ்சுடும். இந்தச் சிப்பைத் தூக்கிடுவீங்க. அதனால வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இப்போ ஏன் சொல்றேன்னா, நீங்க நேர்ல வந்து கட்டில்ல உக்காந்துட்டீங்க. மூஞ்சியைப் பாத்து எனக்குப் பொய் வராது. மெயில்ல வருது.

மெயில்ல நல்லாவே வருது. அதையும் சொல்லிடறேன்.

போன மாசம் நீங்க ஆமைக்கு எழுதினீங்க. என்ன, இப்பல்லாம் கிண்டலே பண்றதில்ல, உடம்பு சரியில்லையான்னு. நல்லா இருக்கேன், வேலை அதிகம்னு பதில் வந்துச்சே. அது நான். அதுக்கு முன்னாடி என் கோடுக்கு ஆமை நாலு ரிவ்யூ போட்டு ஓகே பண்ணியிருக்கான் பாருங்க, அதுவும் நான். அவன் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், நான் வெச்சுக் கொடுத்ததுதான், அவனுக்கு மறந்து போகும். அவன் மாதிரி எழுதறது ஒண்ணும் கஷ்டமில்ல. முதல் எழுத்துலேருந்து கடைசி வரைக்கும் ஒரு கமா போடாம எழுதணும். அப்புறம் ரெண்டு நாள் லேட்டா அனுப்பணும். அவ்ளோதான் ஆமை. ஆனா கிண்டல் மட்டும் வரல. முயற்சி பண்ணேன், அசிங்கமா இருந்துச்சு, அழிச்சுட்டேன். அதை நீங்க ஒருத்தர்தான் கண்டுபிடிச்சீங்க.

என் கோடை நானே எழுதி, நானே பாத்து, நானே சரின்னு சொல்லி. விதி ஏழைக் குப்பையில போட்டாச்சு. தெரியும். அதுல ஒரு தப்பு இருந்துச்சு, யாரும் பாக்கல, மூணு வாரம் கழிச்சு நானே பாத்தேன். அவன் இருந்தா ரெண்டு நாள்ல பிடிச்சிருப்பான்.

அவன் பேர்ல எல்லாம் பண்ணேன்க்கா. இந்தக் கேள்வி ஒண்ணை மட்டும் மூடல. மூணு தடவை நீங்க கேட்டப்பவும் அவன் பேர்ல உள்ள போவேன். மூடற பட்டன் பக்கத்துல போய் நிப்பேன். அப்புறம் பாக்கறேன்னு எழுதிட்டு வெளிய வந்துடுவேன். ஒரு அழுத்து அழுத்தியிருந்தா நீங்க இங்க வந்திருக்கவே மாட்டீங்க. நாளைக்கு ஓட்டு ஜெயிச்சு, ரெண்டாம் படி ஏறி, எல்லாம் முடிஞ்சிருக்கும். எனக்கு அது வேணாம்னு சொல்லல. வேணும். ரொம்ப வேணும்.

எப்ப வருவாருன்னு திரும்பத் திரும்பக் கேக்கறீங்க. வர மாட்டான். அந்த மரக் கிடங்குலேருந்து திரும்பறப்ப மழை, வண்டி சறுக்கிடுச்சு. அன்னிக்கே செத்துட்டான். அதான் கீழ அவ்ளோ பேர். அதான் மாமா விளக்கு போட்டாரு.

வேண்டாம்க்கா, எழுந்திருக்காதீங்க. நான் நல்லாதான் இருக்கேன். அழுகையெல்லாம் வரல, அப்பவும் வரல. சித்திதான் இது என்ன பொண்ணுன்னு பயந்தாங்க. டீ ஆறிப் போச்சே, ஒரு வாய் கூடக் குடிக்கலையா?

இந்தாங்க, இதைப் பாருங்க. நேத்து அவன் கேள்விக்குக் கீழ பதில் எழுதிட்டேன். என் பேர்ல. இப்போ உங்ககிட்ட சொன்னது எல்லாம் அதுல இருக்கு, ஒம்பது நாள், நாலு ரிவ்யூ, எல்லாம். இன்னும் அனுப்பல. நீங்க கிளம்பறதுக்குள்ள அனுப்பிடுவேன். பொறுப்பாளர் பட்டியல்லேருந்து அவன் பேரையும் எடுத்துட்டேன். அப்போ ஒரு ஆள்தான் மிச்சம். விதிப்படி ஏறாது. தூக்கணும்னா தூக்கிடுங்க, நான் சண்டை போட மாட்டேன். கோடு என்கிட்ட இருக்கு, இந்த ஊர்த் தராசுக்கு நானே கட்டிக் கொடுத்துப்பேன். ஒரு நாள் ஆகும், ஆகட்டும்.

ஆனா மூடறது மட்டும் நான் பண்ண மாட்டேன். கேட்டவன் மூடணும், அவன் இல்ல. குழுவுல உங்களுக்கு அந்த உரிமை இருக்கு, அதுவும் விதியில இருக்கு, பாத்துட்டேன்.

அந்த நாற்காலியிலயே உக்காருங்க. கால் எல்லாம் ஆடாது, சும்மா சொன்னேன். அவன் இடம். மானிட்டரைக் கொஞ்சம் மேல நிமித்திக்கோங்க, அவன் குள்ளம்.

பொறுமையா படிங்க. அவசரமில்ல. பதில் சரியா இருந்தா மூடிடுங்க. சரியில்லன்னா... சரியில்லன்னா இன்னொரு கேள்வி கேளுங்கக்கா. எழுதிக் கேளுங்க.